தொட்டிக்குள் ஒரு குளம்: மீன் முந்துமா, கொசு முந்துமா?

சேந்தமங்கலத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தலை நிமிர்ந்தால் கொல்லிமலை தெரிகிற ஊர். வீட்டு வாசலில் பழைய கல்தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. மாடு இருந்த காலத்தில் கழனித்தண்ணி ஊற்றி வைத்த தொட்டி அது. மாடு போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஏழாவது படிக்கும் பேத்திக்கு அந்தத் தொட்டி மேல் ஒரு கண். செல்போனில் பார்த்த மாதிரி அதில் அல்லி நட்டு, நாலு மீன் விட வேண்டும் என்று ஆசை.

“நிக்கிற தண்ணியில கொசுதான் கண்ணு வரும். டெங்குக்குப் பார்க்க வர்றவங்க அத்தனையும் இறைச்சு ஊத்திட்டுப் போயிருவாங்க” என்கிறார் பாட்டி.

“மீன் உட்டா கொசுப்புழுவையெல்லாம் தின்னுபோடும் அம்மாயி” என்கிறாள் பேத்தி.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். தொட்டிக் குளம் வைக்கும் பலர் சறுக்குவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். மீன் வாழ்வதற்குத் தண்ணீர் பக்குவமாகச் சில வாரங்கள் வேண்டும். கொசுவுக்கோ ஒரு வாரம், பத்து நாள் போதும். அந்த இடைவெளியைச் சமாளிக்கத் தெரிந்துவிட்டால், கல்தொட்டி குளமாகிவிடும். தெரியாவிட்டால் ஒன்று மீன் செத்து மிதக்கும். இல்லையென்றால் கொசு பெருகும்.

எந்தத் தொட்டி?

குறைந்தது 100 லிட்டர் பிடிக்கும் தொட்டியாக இருக்கட்டும். தண்ணீர் குறைவாக இருந்தால் பகலில் சட்டென்று சூடாகும், இரவில் சட்டென்று குளிரும். மீனுக்கு இந்த ஏற்ற இறக்கம் ஆகாது. கணக்குப் போடுவது சுலபம். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். 75 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழமுள்ள தொட்டி 150 லிட்டர் பிடிக்கும்.

ஆழத்தைவிட வாய் அகலம் முக்கியம். காற்றில் இருக்கும் ஆக்சிஜன் தண்ணீரின் மேல்பரப்பு வழியாகத்தான் உள்ளே கரைகிறது. ஒன்றரை அடி ஆழம் இருந்தால் அல்லிக்குப் போதும்.

கல்தொட்டி இருந்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு அப்படியே பயன்படுத்தலாம். புதிய சிமென்ட் தொட்டி என்றால் அவசரம் வேண்டாம். சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். இரண்டு, மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி வைத்து, சில நாளுக்கு ஒருமுறை மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்தும் வைக்கலாம். ஆனால், அதில் முன்பு என்ன இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். பூச்சிமருந்து, ரசாயனம் இருந்த டிரம் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம்.

பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவும் செப்புப் பாத்திரமும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால், செம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரையும். அது மீனுக்கும் நத்தைக்கும் விஷம். அவற்றில் பூ மிதக்கவிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மொட்டைமாடியில் வைப்பதாக இருந்தால் எடையை யோசியுங்கள். 150 லிட்டர் தண்ணீர் மட்டுமே 150 கிலோ. மண், கல், தொட்டி எல்லாம் தனி. மாடியின் நட்டநடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ இருக்கும் ஓரமாக வையுங்கள். அல்லி பூக்கத் தினமும் நாலைந்து மணி நேர வெயில் வேண்டும். காலை வெயில் பட்டு, உச்சி வெயில் நேரத்தில் நிழல் விழும் இடம் கிடைத்தால் அதுதான் சரியான இடம்.

மண்ணில் ஒரு எச்சரிக்கை

நாமக்கல் பக்கம் தோட்டம் வைப்பவர்களுக்குக் கை முதலில் போவது கோழி எருவை நோக்கித்தான். முட்டைக்குப் பெயர்போன மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால், தொட்டிக் குளத்தில் கோழி எரு கூடவே கூடாது. அது தண்ணீரில் ஊறியதும் அம்மோனியா கிளம்பும். மீனின் செவுளை அரிப்பதும் அதே அம்மோனியாதான். சாணம், மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு எதுவும் வேண்டாம். முதல் இரண்டும் தண்ணீரைப் பாசியாக்கும். மூன்றாவது மிதந்து வரும்.

ஏரி வண்டலோ, களிப்பு கலந்த தோட்ட மண்ணோ போதும். மண்ணைத் தொட்டி முழுக்கப் பரப்பாமல், வாய் அகன்ற சிறு சட்டிகளில் நிரப்பிச் செடியை நடுங்கள். மேலே ஒரு அங்குலத்துக்குக் கழுவிய மணலோ சிறு கூழாங்கல்லோ போட்டால் மண் கலங்காது. சட்டிகளைத் தொட்டிக்குள் இறக்கிய பிறகு, ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள்.

நம் ஊர்ச் செடிகளே போதும்

நாமக்கல் கோட்டைப் பாறையின் அடிவாரத்தில் இருக்கும் குளத்துக்குக் கமலாலயம் என்று பெயர். தாமரையின் பெயரைத் தாங்கிய குளம். நீர்ப்பூவும் குளமும் இந்தப் பகுதிக்குப் புதிதில்லை. ஆனால், சிறு தொட்டிக்குத் தாமரையைவிட அல்லி ஏற்றது. தாமரைக் கிழங்கு ஓடிப் பரவ இடம் கேட்கும். அல்லி ஒரு சட்டிக்குள் அடங்கி நிற்கும். நட்ட புதிதில் சட்டிக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தி, இலைகள் மேலே வர வர ஒவ்வொரு கல்லாக எடுத்துவிடுங்கள்.

ஓரத்தில், தண்ணீர் விளிம்பை ஒட்டி வைக்கும் சட்டிகளில் வல்லாரை, பொன்னாங்கண்ணி, நீர்ப்பிரமி, வசம்பு நடலாம். நாலு இலை விரித்து நிற்கும் ஆரைக்கீரையும் ஈரத்தில் நன்றாக வரும். அடியில் கொஞ்சம் வேலம்பாசி இருந்தால், அது மூழ்கியபடியே பகலில் ஆக்சிஜன் விடும். மீன்குஞ்சுகள் ஒளிந்துகொள்ளவும் இடம் தரும்.

செடிகள் வளர்ந்த பிறகு தண்ணீரின் மேல்பரப்பில் பாதிவரை இலை மூடியிருக்கலாம். அதற்கு மேல் போனால் கத்தரித்துவிடுங்கள். முழுக்க மூடினால் காற்றும் வெளிச்சமும் உள்ளே போகாது. நெருக்கமாக மிதக்கும் இலைகளின் இடுக்கில் கொசுப்புழு ஒளிந்துகொண்டால் மீனாலும் எட்டிப் பிடிக்க முடியாது.

தண்ணீருக்கு ஒரு நாள் ஓய்வு

குழாயில் வரும் குடிநீரில் குளோரின் கலந்திருக்கும். அதைத் திறந்தபடி ஒன்றிரண்டு நாள் வெயில் படும்படி வைத்தால் குளோரின் போய்விடும். இந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் கடினத்தன்மையும் கொண்டது. பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விழும் தண்ணீராக இருந்தாலும் கப்பி மீன் தாங்கிக்கொள்ளும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரில் உப்பு இன்னும் அதிகம் என்பதால் அது வேண்டாம். மழைநீர் நல்லது. ஆனால், மாடித் தூசியைக் கழுவி வரும் முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள்.

இரண்டு கடிகாரங்கள்

இப்போது பாட்டிக்கும் பேத்திக்கும் நடந்த வழக்குக்கு வருவோம்.

மீனின் கழிவும், மிஞ்சிய தீனியும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்டைச் செடி உரமாக எடுத்துக்கொள்ளும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவதால் அவ்வளவு தொந்தரவு இல்லை. இந்தப் பாக்டீரியாக்கள் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணிலும், கல்லிலும், தொட்டிச் சுவரிலும் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய அன்றே பத்து மீனைக் கொண்டுவந்து விடும் வீடுகளில் மீன்கள் ஒரு வாரத்துக்குள் செத்துப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். குழந்தை தன் மேல்தான் தப்பு என்று நினைத்து அழும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் கடிகாரம் வேறு. அது பகலில் கடிக்கும் கொசு. சாக்கடையைவிட, வீட்டைச் சுற்றித் தேங்கும் ஓரளவு தெளிந்த நீரைத்தான் தேடி வரும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் முட்டையிடும். அந்த முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் பட்டதும் பொரியும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும்.

ஆக, மீனுக்காகக் காத்திருந்தால் கொசு முந்திவிடும். கொசுவுக்குப் பயந்து அவசரப்பட்டால் மீன் போய்விடும். இதற்கு எளிய வழி, பழைய கொசுவலை. செடி வைத்துத் தண்ணீர் ஊற்றிய அன்றே, கிழிசல் இல்லாத வலையைத் தொட்டி வாய்க்குமேல் விரித்து, சுற்றிலும் இடைவெளி இல்லாமல் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். வெயில் உள்ளே போகும், கொசு போகாது. 

இடையில் தண்ணீர் பச்சையாக மாறலாம். செடி இன்னும் வேர்பிடிக்காத நேரத்தில் வெயிலும் சத்தும் பாசிக்குப் போகின்றன, அவ்வளவுதான். மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினால் கதை முதலிலிருந்து தொடங்கும். செடி வளர வளரத் தானாகத் தெளியும்.

மூன்றாவது வாரம் இரண்டு அல்லது மூன்று மீன் மட்டும் விடுங்கள். மீன் இருந்த பையை அப்படியே தண்ணீரில் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, பிறகு மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீரை உள்ளே ஊற்ற வேண்டாம். அன்றே கொசுவலையை எடுத்துவிடலாம். முதல் வாரம் தீனி மிகக் குறைவாக, ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். கொசுப்புழு இருந்தால் அதுவே அதற்கு விருந்து. ஆறாவது வாரம் எல்லாம் நன்றாக இருந்தால் எண்ணிக்கையை ஐந்தாறாக உயர்த்தலாம். 100 லிட்டருக்குச் சின்ன மீன் ஐந்தாறு போதும். கப்பி என்றால் அது தானே குட்டி போட்டுப் பெருகிவிடும்.

எந்த மீன்?

கடையில் கண்ணைப் பறிப்பது தங்கமீன். ஆனால், அது பெரிதாக வளரும், கழிவு அதிகம், செடியின் வேரைக் கிளறும். சிறு தொட்டிக்கு ஏற்றதில்லை. கப்பிதான் தொடக்கக்காரர்களுக்கு எளிது. தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியையும் டிரினிடாட் தீவையும் சேர்ந்த இந்த மீனுக்கு, டிரினிடாடில் வாழ்ந்த ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பவரின் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு கப்பி ஒரு நாளைக்கு 80 முதல் 100 கொசுப்புழுவரை தின்னும் என்பது கொசு ஒழிப்புத் துறையினர் சொல்லும் கணக்கு.

நம் நாட்டு மீனே வேண்டும் என்பவர்களுக்கு, உச்சந்தலையில் வெள்ளிப் புள்ளி மின்ன, தண்ணீரின் மேல்மட்டத்திலேயே நீந்தும் அப்லோகைலஸ் வகை மீன்கள் இருக்கின்றன. கொசுப்புழு மூச்சுவிட மேலே வந்ததும் கவ்விவிடும். இந்தப் புள்ளி மீனைச் சின்ன கப்பிக் குஞ்சுகளோடு சேர்த்து விட்டால் குஞ்சு மிஞ்சாது.

‘கொசு மீன்’ என்றே பெயர் வாங்கிய கம்பூசியாவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 1928-ல் கொசுவை ஒழிப்பதற்காக இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது. கொசுப்புழுவோடு நிற்காமல், மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். மீன் முட்டையையும் தவளைக் குஞ்சுகளையும் தின்னும். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. அதே பட்டியலில் இருக்கும் இன்னொன்று, நம் ஏரிகளை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரை. ஊதா நிறப் பூவுக்கு ஆசைப்பட்டு அதையும் தொட்டியில் வைக்காதீர்கள்.

தொட்டியில் உள்ளது தொட்டியோடு

இதைப் பலரும் யோசிப்பதில்லை. மீன் பெருகிவிட்டால், “பாவம், ஏரியில விட்டா பொழச்சுக்கும்” என்று கொண்டுபோய் விடுகிறோம். கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிவந்த ‘டேங்க் கிளீனர்’ மீன் கைநீளம் வளர்ந்ததும் குளத்துக்குப் போகிறது. அது அங்கே பிழைத்துக்கொள்கிறது. அங்கே ஏற்கெனவே இருந்த மீனுக்குத்தான் பிழைப்பு போகிறது. கொல்லிமலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி, ஏரிகளை நிறைத்து, கடைசியில் காவிரிக்குத்தான் போகிறது. ஒரு வாசலில் செய்த தவறு அந்த வழியெல்லாம் போகும்.

அதனால் மிஞ்சும் மீனை அக்கம்பக்கத்துக்குக் கொடுங்கள், கடையில் திருப்பிக் கொடுங்கள். கத்தரித்த நீர்ச்செடியை வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடுங்கள். மழையில் தொட்டி வழியாமல் இருக்க, விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே ஒரு துளை போட்டு, அதில் மெல்லிய வலை கட்டிவிடுங்கள். கல்தொட்டியில் துளை போட முடியாவிட்டால், மழை நாளில் இரண்டு வாளி முன்கூட்டியே இறைத்து வையுங்கள்.

எப்போது தொடங்கலாம்?

சித்திரை வெயிலில் வேண்டாம். சேலம், நாமக்கல் சமவெளியில் அந்த நாட்களில் புதுத் தொட்டியும் புதுச் செடியும் தாக்குப்பிடிப்பது சிரமம். ஆடியில் தொடங்கினால் நல்லது. ஆவணி முடிவதற்குள் மீன் நிலைத்துவிடும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நைனாமலை ஏறும் கூட்டம் ஓய்ந்து, ஐப்பசி மழையோடு கொசுவும் வரும் நேரத்தில் தொட்டி தயாராக இருக்கும்.

கோடை வந்ததும் உச்சி வெயிலுக்குப் பச்சை நிழல்வலை கட்டுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். இரவில் செடிகளும் அதையே சுவாசிக்கும். விடியற்காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், காற்று போதவில்லை என்று அர்த்தம். ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து பத்திருபது முறை ஊற்றினால் உடனடி நிவாரணம். பிறகு தீனியைக் குறைத்து, கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்

வாரம் ஒருமுறை மூன்று வேலை. ஒன்று, தண்ணீர் மட்டத்துக்கு மேலே தெரியும் உள்சுவரைப் பழைய தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துத் துடையுங்கள். ஏடிஸ் முட்டை ஒட்டியிருக்கும் இடம் அதுதான். இரண்டு, வற்றிய அளவுக்கு, குளோரின் போன தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஆவியானாலும் உப்பு அப்படியே தங்கிவிடும் என்பதால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கை இறைத்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். இறைத்த தண்ணீர் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் அருமையான உரம். மூன்று, தீனியை இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் போடுகிறோமா என்று பாருங்கள்.

சின்னக் குழந்தை இருக்கும் வீடு என்றால், தொட்டிக்கு மேல் கம்பி வலைச் சட்டம் கட்டாயம். தவழும் குழந்தைக்குச் சில அங்குலத் தண்ணீரே ஆபத்து. அந்தச் சட்டம் மீன்கொத்தியையும் பூனையையும் தடுக்கும்.

பேரூராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வருபவர்களிடம் மீன் இருப்பதைச் சொல்லி, தொட்டியைக் காட்டிவிடுங்கள். மருந்து ஊற்றுவதற்கு முன் சொல்வது முக்கியம். தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 1939-ன்படி, வீட்டில் கொசு உற்பத்தியாக விடாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரரின் பொறுப்பு. தொட்டியைக் காட்டும்போதே, ஆட்டுக்கல் குழி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, கொட்டாங்குச்சி எல்லாவற்றையும் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். மீன் இருக்கும் தொட்டியைவிட அவைதான் ஆபத்து.

கடைசிப் பரிசோதனையைப் பாட்டியிடமே விட்டுவிடலாம். இருட்டியதும் செல்போன் டார்ச்சைத் தண்ணீரில் அடித்துப் பார்க்கட்டும். தலைகீழாகத் தொங்கி, வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து கீழே இறங்கும் சின்னப் புழுக்கள் தெரிந்தால், அவர் சொன்னது சரி. இலையைக் கத்தரித்து, மீன்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். ஒரு புழுவும் இல்லாமல், இரண்டு கப்பி மட்டும் வெளிச்சத்தைத் தேடி மேலே வந்தால், பேத்தி ஜெயித்துவிட்டாள். அடுத்த வாரமும் டார்ச் அடித்துப் பார்க்க மறக்க வேண்டாம்.